வாசிகசாலைக்கு றாக்கை போடுவது எப்படி?

கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில்தான் தங்கியிருக்கிறார்கள். லீவு நாளில் எங்கே போவது என்று அவர்கள் கேட்டால் நாம் சொல்லக்கூடிய இடங்களில் வாசிகசாலையும் ஒன்று. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், 1942இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய கொழும்பு பொது நூலகம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் 1980இல் கட்டிய கட்டடத்தில் இயங்குகிறது.

இப்படியான இடங்களுக்குப் போய் வந்தவர்கள், "நம்ம தோட்டத்திலயும் ஒரு வாசிகசாலை வச்சா என்ன?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பழைய காம்பரா ஒன்றைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, நாலு பேரிடம் புத்தகமும் வாங்கிவிடலாம். ஆனால் பல இடங்களில் அந்தப் புத்தகங்கள் பெட்டியிலேயே கிடந்து கறையானுக்குப் போகின்றன. இல்லாவிட்டால் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. காரணம், றாக்கையைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931இல் வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் பாவிப்பதற்கே என்பதுதான் அவற்றில் முதலாவது. 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் திட்டமிட்டபோதும் அவரிடமே ஆலோசனை கேட்டார்கள். 1981இல் அந்த நூலகம் எரிக்கப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 1998இல் சீரமைப்பு வேலை தொடங்கி, 2000க்குப் பின்னர் அது மீண்டும் திறக்கப்பட்டது. கட்டடத்தை எழுப்பினால் மட்டும் நூலகம் வந்துவிடாது. புத்தகம் மறுபடி தட்டில் ஏறி, வாசகர் கைக்கு எட்ட வேண்டும்.

எவ்வளவு உயரம்?

அளவு எடுக்க வேண்டியது சுவரை அல்ல, ஆளை. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் கையைத் தூக்கினால் ஏறக்குறைய ஆறடி வரைக்கும் எட்டும். ஆகவே மேல் தட்டின் பலகை ஐந்தரை அடிக்கு மேலே போகக் கூடாது. அடித்தட்டு தரையிலிருந்து 4 அங்குலம் உயர்ந்திருக்கட்டும். தட்டுக்குத் தட்டு 12 அங்குலம் விட்டால் ஆறு தட்டு வரும். ஆறாவது பலகை 5 அடி 4 அங்குலத்தில் நிற்கும். பிள்ளைகளின் பகுதிக்கு மூன்று தட்டுப் போதும். பிள்ளை றாக்கையில் ஏறாமலே புத்தகத்தை எடுக்க வேண்டும்.

எவ்வளவு நீளம்?

ஒரு பலகை மூன்றடிக்கு மேல் வேண்டாம். "நாலடியாப் போட்டா செலவு குறையுமே" என்று சிலர் சொல்லுவாங்க. அதே கனமுள்ள பலகையில் புத்தகத்தை நிறைத்தால், நாலடிப் பலகை மூன்றடிப் பலகையைப் போல மூன்று மடங்கு தொய்யும். பலகையின் கனத்தை முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலமாகக் கூட்டினாலோ தொய்வு பாதிக்கும் கீழே இறங்கும். அகலம் 9 அல்லது 10 அங்குலம் போதும்.

பாரத்தையும் மறக்கக் கூடாது. பெரிய புத்தகங்களால் நிறைந்த மூன்றடித் தட்டு 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். பல தோட்டங்களில் ஒரு பேருக்குக் கேட்கும் கொழுந்தை விட இது அதிகம். ஆறு தட்டும் நிறைந்தால் 150 கிலோவைத் தாண்டும். நகரத்தில் பழைய வீட்டின் மேல்மாடியை வாசிகசாலையாக்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புத்தகக் களஞ்சியத்தின் தரைக்கு, வீட்டுத் தரையைப் போல மூன்று நான்கு மடங்கு பாரத்தைக் கணக்கிடுவது வழக்கம். பொறியியலாளரிடம் கேளாமல் மாடியில் றாக்கை நிரப்பக் கூடாது.

எத்தனை றாக்கை?

ஓரடித் தட்டில் சுமார் 8 புத்தகம் நிற்கும். 1,000 புத்தகத்துக்கு 125 அடி தேவை. தட்டில் மூன்றில் ஒரு பங்கைப் புதுப் புத்தகத்துக்கு விட்டுவைத்தால் 188 அடி ஆகும். மூன்றடி அகலமும் ஆறு தட்டும் உள்ள ஒரு றாக்கை 18 அடி தரும். ஆக, 11 றாக்கை செய்விக்க வேண்டும்.

எந்த மரம்?

வெள்ளவத்தையில் கடற்காற்று, பூச்சு நன்றாக இல்லாத இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மலைநாட்டில் பனியும் ஈரமும். சிப்போர்ட் பலகை ஊதிப் போகும். தேக்கு, பலா நல்லவை, ஆனால் விலை அதிகம். பால் வற்றிய இறப்பர் மரத்தைப் போரிக் மருந்தில் பதப்படுத்தி உலர்த்தினால் தளபாடத்துக்கு உதவும். பதப்படுத்தாத இறப்பர் மரத்தைப் பூச்சி அரித்துவிடும். ஆகவே மர ஆலையில் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் முறை

முதலில் வயர் வேலையும் பெயின்ட் வேலையும் முடிந்து, சுவர் நன்றாகக் காய வேண்டும். பிறகு தரையில் சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள். நடைபாதை மூன்றடிக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலிக்காரரும் வர வேண்டுமல்லவா? சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் காற்றோடும், பூஞ்சணம் பிடிக்காது, கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். நடுவில் நிறுத்தும் வரிசைகள் யன்னலுக்குக் குறுக்கே நின்று வெளிச்சத்தை மறிக்கக் கூடாது.

நிறுத்தும்போது நீர்மட்டமும் தூக்குக்குண்டும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தரை பள்ளமென்றால் ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். றாக்கையின் தலையை இரும்புப் பட்டியால் சுவரோடு இறுக்குவது மிக முக்கியம். பாஸ் "தேவையில்லை" என்றாலும் விடாதீர்கள். ஒரு பிள்ளை தொங்கினால் முழு றாக்கையும் அதன் மேல் சாயும். புத்தகம் அடுக்கும்போது கீழ்த் தட்டிலிருந்து தொடங்குங்கள். இறக்கும்போது மேல் தட்டிலிருந்து இறக்குங்கள்.

ஆகவே தோட்டத் தலைவர்மாரையும் மாதர் சங்கத்தினரையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். யாராவது புத்தகம் தர முன்வந்தால் நன்றி சொல்லி வாங்குங்கள். கூடவே பலகைக்கும் உதவி கேளுங்கள். பாஸைக் கூப்பிட்டு அளவு எடுக்கும் நாளில், தோட்டத்தில் குட்டையான ஒரு அக்காவையும் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அவர்கள் கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்ட பிறகு பலகையை அறுக்கட்டும்.