ஆய்வகத்து சிலிண்டர் வேறு, அடுப்படி சிலிண்டர் வேறு

2022 அக்டோபர் 2 அன்று திருச்சி கோட்டைவாசல் பகுதியில் பலூன்களுக்கு வாயு நிரப்பும் ஹீலியம் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அந்தக் கண்காணிப்பு கேமரா காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம்மில் பலரும் பார்த்திருப்போம். ஹீலியம் எரியாத வாயுவாயிற்றே, அது எப்படி வெடிக்கும் என்று அப்போது கேட்டவர்கள் நிறைய பேர். சிலிண்டர் என்றாலே தீ என்று நினைத்துப் பழகிவிட்டதால் வரும் கேள்வி அது.

தாடிக்கொம்பிலிருந்து கரூர் சாலையில் பஸ் ஏறி திண்டுக்கல் கல்லூரிகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் வேதியியல், உயிர்வேதியியல், பொறியியல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். முதுகலையும் ஆராய்ச்சியும் என்று வந்துவிட்டால் ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் சிலிண்டர்களைத் தினமும் தொட வேண்டியிருக்கும். வீட்டு கேஸ் சிலிண்டரை மாற்றத் தெரிந்த தைரியத்தில்தான் பலரும் அதைத் தொடுகிறார்கள். அந்தத் தைரியம்தான் நமக்குக் கவலை தருகிறது.

வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் கேஸ் திரவமாக இருக்கிறது. உள்ளே உள்ள அழுத்தம் சாதாரண காற்றழுத்தத்தைப் போல சில மடங்குதான். ஆய்வகத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஹைட்ரஜன் அல்லது நைட்ரஜன் சிலிண்டரில் அது ஏறத்தாழ 150 மடங்கு. கார் டயரில் அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால் 60 மடங்குக்கும் மேல். எடையோ 50 கிலோவுக்கு மேல். இது சாய்ந்து விழுந்து மேலே உள்ள வால்வு உடைந்தால், வாயு சீறி வரும் வேகத்தில் சிலிண்டரே ராக்கெட் போலப் பாயும். எந்த வாயுவாக இருந்தாலும் இது நடக்கும், தீப்பொறி தேவையில்லை. அதனால்தான் சிலிண்டரைச் சுவரோடு சேர்த்து, உயரத்தில் பாதிக்கு மேல் சங்கிலி போட்டுக் கட்டச் சொல்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் 19 கிலோ சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஆய்வகத்திலும் அப்படியே உருட்டப் பார்ப்பான். அங்கே ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, தள்ளுவண்டியில் கட்டித்தான் நகர்த்த வேண்டும்.

2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒரு ஆய்வகத்தில் வெடிவிபத்து நடந்து ஒரு ஆய்வாளர் இறந்தார், மூவர் படுகாயமடைந்தனர். வெடித்தது ஹைட்ரஜன் சிலிண்டர் என்றே அப்போது செய்திகள் வந்தன. நாட்டின் முதன்மையான அறிவியல் நிறுவனம் அது. பெரிய நிறுவனத்தில் படிக்கிறான், அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வீட்டு கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அந்த நாற்றம் வேண்டுமென்றே கலக்கப்படுவது. ஆய்வக ஹைட்ரஜனில் அப்படி எதுவும் கலப்பதில்லை. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எரிந்தாலும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே பற்றும், 75 சதவீதம் வரை பற்றும். வீட்டு கேஸ் தரையோடு படியும், ஹைட்ரஜனோ கூரைக்குப் போய்த் தங்கும். ஆகவே தரைமட்டக் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, மேலே காற்று வெளியேற வழி இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சிலிண்டருக்கு நம் நாட்டில் அடிக்கும் நிறமும் சிவப்புதான் என்பது இன்னொரு சங்கடம். நிறத்தை நம்பாமல் பெயரை வாசித்த பிறகே கை வைக்க வேண்டும்.

நைட்ரஜன் நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இருக்கிறது, விஷமும் அல்ல. அதனால் யாரும் அதற்குப் பயப்படுவதில்லை. ஆனால் மூடிய சிறிய அறையில் கசிந்தால் ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் ஆள் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். ஏசி போட்டு ஜன்னலை அடைத்த அறையில் சிலிண்டர் வைப்பது அதனால்தான் ஆபத்து.

ரெகுலேட்டர் மாட்டும்போது எரியும் வாயுக்களின் மரை இடப்பக்கம் திரும்பும், மற்றவற்றின் மரை வலப்பக்கம் திரும்பும். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. மரை பொருந்தவில்லை என்றால் அது அந்த சிலிண்டருக்கான ரெகுலேட்டர் அல்ல. பலம் கொடுத்து முறுக்கக் கூடாது. இறுகிய மரைக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது நம் வீட்டு வைத்தியம். ஆக்சிஜன் சிலிண்டரில் அதைச் செய்தால், அழுத்தமான ஆக்சிஜன் பட்டு எண்ணெய் தானாகவே தீப்பற்றும். எண்ணெய்க் கையோடுகூட அதைத் தொடக் கூடாது. வால்வை மெதுவாக, பக்கவாட்டில் நின்று திறக்க வேண்டும். கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும்.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழில் உண்டு. அதன் கழிவுநீரில் குரோமியம் அளக்கும் சில கருவிகளில் அசிட்டிலீன் எரிக்கிறார்கள். அந்த சிலிண்டருக்குள் அசிட்டோன் என்ற திரவத்தில் வாயு கரைந்திருக்கிறது. படுக்க வைத்தால் திரவமே வெளியே வரும், எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். எரியும் வாயுவையும் ஆக்சிஜனையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கவும் கூடாது. அமெரிக்க விதிப்படி இடையில் 20 அடி தூரம் விட வேண்டும், அல்லது 5 அடி உயரத்துக்குத் தீப்பிடிக்காத சுவர் வேண்டும். நம் நாட்டில் இதற்கெல்லாம் 2016-ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கவனிக்கிறது.

இதையெல்லாம் பெற்றோர் படித்துத் தேர வேண்டியதில்லை. விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம் மூன்று கேள்வி கேட்டால் போதும். உங்கள் ஆய்வகத்தில் சிலிண்டருக்குச் சங்கிலி உண்டா? ரெகுலேட்டர் மாட்ட யாராவது கற்றுக் கொடுத்தார்களா? இரவில் தனியாக நின்று வேலை செய்கிறாயா? மழுப்பலான பதில் வந்தால் துறைத் தலைவரிடம் நாமே கேட்கலாம். மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்று பிள்ளை தயங்குவான், நமக்கு அந்தத் தயக்கம் வேண்டாம்.

இன்னொன்று நம் ஊர்ச் சமாச்சாரம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பல ஊர்களில் ஜமாஅத்துகளும் இளைஞர்களும் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்து உயிர் காத்தார்கள். அப்படி வாங்கியதில் ஏதாவது இன்றும் மாடிப்படிக்கு அடியிலோ கிடங்கிலோ டீசல் கேனுக்குப் பக்கத்தில் கிடந்தால், அதையும் இந்த வாரமே வெளியே எடுத்துப் பாருங்கள். கழுத்தில் பொறித்திருக்கும் சோதனைத் தேதி கடந்திருந்தால் நிரப்பிப் பயன்படுத்த வேண்டாம். நிமிர்த்திக் கட்டி, திறந்த வண்டியில் ஏற்றி, வாயு நிரப்பும் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.