வண்டியை உயர்த்தும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் இடைப்பட்ட வெள்ளானூர் பகுதியில் சிறிய ஃபோர்வீல் டிரைவ் வண்டிகள் புதிதல்ல. கனரக வாகனத் தொழிற்சாலையும் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமும் ஆவடியில் இருப்பதால், ராணுவப் பச்சை நிற ஜிப்சியைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை இங்கு உண்டு. 1985இல் வந்த அந்த ஜிப்சியை விரும்பித் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2020இல் வந்த புதிய ‘தார்’ வண்டியும் 2023இல் வந்த ஐந்து கதவு ஜிம்னியும் அந்த ஆசையை இளைஞர்களிடமும் வளர்த்திருக்கின்றன.

வண்டி வந்த சில மாதங்களிலேயே பலருக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: சஸ்பென்ஷனை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்திவிடலாமா? உயர்த்தித் தரப் பட்டறைகளும் தயாராக இருக்கின்றன. ஆனால் அந்த வேலையில் சட்டம், உயிர்ப் பாதுகாப்பு, காப்பீடு என்ற மூன்றும் பின்னிக் கிடப்பதைப் பெரும்பாலான உரிமையாளர்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஏதாவது நடந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு ஏற்படும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ‘மாற்றம்’ என்பதற்கும் அந்தப் பிரிவே விளக்கம் தருகிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாறுதல்.

கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதியாக நிலைநிறுத்தியது. மாநில விதிகளைக் காட்டித் தயாரிப்பாளரின் அசல் அளவுகளிலிருந்து விலக முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு நடந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத வகையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பக்க இரும்பு கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உயர்த்திய ஸ்பிரிங், பெரிய டயர், இரும்பு பம்பர் எனச் சேர்த்துக்கொண்டே போனால் அபராதமும் தனித்தனியாகக் கூடும்.

எது பராமரிப்பு, எது மாற்றம்?

தேய்ந்த ஷாக் அப்சார்பரை எடுத்துவிட்டு அதே அளவுள்ள புதியதைப் போடுவது பராமரிப்பு. கிழிந்த புஷ், தளர்ந்த ஷேக்கிள், உடைந்த ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றை மாற்றுவதும் அப்படியே. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வண்டியின் உயரத்தையோ டயரின் அளவையோ தயாரிப்பாளர் தந்த எண்ணிலிருந்து விலக்கும் வேலை வேறு வகை. அதிகாரி கேள்வி கேட்கும்போது அதை நியாயப்படுத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த தனியார் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க அதை ஆய்வுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அதன் பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இதே நடைமுறைதான். உயர்த்திய வண்டி அங்கே தடைபடலாம். அப்போது அசல் நிலைக்குத் திருப்ப வேண்டிவரலாம் என்பதால், எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு அங்குலம் உயர்த்தினால் நடப்பது என்ன?

பலரும் நம்புவதுபோல ஸ்பிரிங்கை உயர்த்தினால் எல்லா இடைவெளியும் கூடிவிடுவதில்லை. ஜிப்சியிலும் ஜிம்னியிலும் முன்பின் இரண்டும் ரிஜிட் ஆக்சில்கள். அவற்றில் தரைக்கு மிக அருகில் தொங்குவது ஆக்சிலின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல். ஆக்சில் சக்கரங்களோடு நேரடியாக இணைந்திருப்பதால், எவ்வளவு தூக்கினாலும் டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். உயர்வது உடல் மட்டும். மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் பம்பர் இடிக்காது, வயிற்றுப் பகுதி தட்டாது. அந்த அளவுக்குப் பயன் உண்டு. ஆனால் நடுவில் நிற்கும் கல் முன்பு போலவே டிஃபரன்ஷியலில் இடிக்கும்.

அதை உயர்த்தப் பெரிய டயர்தான் வழி. அங்கும் கணக்குப் பார்க்க வேண்டும். ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் அது சுமார் 733 ஆகும். ஆனால் விட்டத்தில் கூடிய 40 மில்லிமீட்டரில் பாதிதான் இடைவெளியாகக் கிடைக்கும். அதாவது 20 மில்லிமீட்டர். இதற்கு ஈடாக, மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 85ஐ நெருங்கியிருக்கும். சக்கரத்தின் எடையும் சுற்றளவும் கூடுவதால் பிரேக்குக்கு வேலை அதிகம். இன்ஜின் இழுவையும் மந்தமாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கவிழ்வது. ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், உயரம் 1,720. ஜிப்சி இன்னும் ஒடுக்கம், அகலம் 1,540தான். அகலத்தைவிட உயரம் கூடிய வண்டியின் எடை மையத்தை இன்னும் மேலே தூக்கினால், திருப்பத்தில் அது தாங்கும் வேகம் குறையும். மண் பாதையில் மெதுவாகப் போகும்போது இது உறைக்காது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளும் வெளிவட்டச் சாலையில், முன்னால் மாடு குறுக்கிட்டு ஸ்டீயரிங்கைச் சட்டென ஒடிக்கும் அந்த நொடியில்தான் தெரியும். வெள்ளானூர்க்காரர் ஒருவரின் வண்டி வாரத்தில் ஆறு நாள் ஓடுவது இந்த மாதிரிச் சாலைகளில்தான் என்பதை மறக்கக் கூடாது.

ஒன்றை உயர்த்தினால் அதோடு இணைந்த பல பாகங்களும் இழுபடும். முன் ஆக்சிலின் காஸ்டர் கோணம் மாறி ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி ஜாயின்ட்டுகள் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல், சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது விறைத்து நிற்கும். ஹெட்லைட் மேலே பார்த்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஸ்பிரிங்கின் அடியிலோ மேலோ கட்டை வைத்துத் தூக்கும் மலிவான ஸ்பேசரில் பழைய ஷாக்கே தொடர்வதால், அது முழுதாக நீண்டு முட்டிச் சீக்கிரமே வீணாகும். வண்டியை உயர்த்தும் முழு லிஃப்ட் கிட் போடும்போது இவை எல்லாவற்றுக்கும் தீர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலில்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

எங்கே ஓட்டலாம்?

சாலை இல்லாத இடம் என்பதால் சட்டமும் இல்லை என்று பொருளல்ல. பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள எந்த இடமும், அது சாலையாக இல்லாவிட்டாலும், மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடம்தான். உரிமம், காப்பீடு, ஆபத்தாக ஓட்டுவதற்கான தண்டனை அனைத்தும் அங்கும் செல்லும்.

2023 டிசம்பரில் இமாச்சலத்தின் லாஹவுலில் நெரிசலைத் தவிர்க்கச் சந்திரா ஆற்றுக்குள் தாரை இறக்கியவருக்குப் போலீஸ் அபராதம் விதித்தது. 2024 ஜூனில் குஜராத்தின் முந்திரா கடற்கரையில் இரண்டு தார்கள் கடல் நீரில் சிக்கியபோது ஓட்டியவர்கள் மீது வழக்கே பதிவானது. இரண்டு சம்பவங்களின் காணொளிகளும் நாடு முழுவதும் பரவின.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை நான்கு. புழல் போன்ற குடிநீர் ஏரிகளும் மற்ற ஏரிகளும் பொதுச் சொத்து. டயர் தடம் பதிந்து கரை சரிந்தால் மழைக்காலத்தில் பாதிக்கப்படுவது கீழே இருக்கும் குடியிருப்புகள். ஆவடியைச் சுற்றியுள்ள பாதுகாப்புத் துறை நிலத்தில் அனுமதியின்றி நுழையவே கூடாது. காப்புக் காடுகளுக்குத் தமிழ்நாடு வனச் சட்டம் 1882, பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 என்று தனிச் சட்டங்கள் உண்டு. நான்காவதுதான் சரியான வழி: உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த பட்டா நிலம், அல்லது பயிற்சியாளர் இருக்கும் தனியார் பயிற்சித் திடல்.

காப்பீடு எப்போது கைவிடும்?

தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் தாங்குதிறன் சோதனைப் போட்டி ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. வார இறுதி ஆஃப்ரோடு நிகழ்ச்சியில் நேரம் குறித்துப் போட்டி வைத்தால் இந்த வரம்பு குறுக்கே வரும்.

தண்ணீரில் இறங்குவதும் அப்படியே. தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை கடக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அதைத் தாண்டி இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பை முன்பே வாங்கியிருக்க வேண்டும். வெளியே பொருத்திய பாகங்களை எழுத்தில் தெரிவித்து, அதற்குரிய பிரீமியம் கட்டியிருப்பதும் அவசியம்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் அதோடு முடிந்துவிடவில்லை. பாலிசி நிபந்தனை மீறப்பட்டது என்பதாலேயே கோரிக்கையை அடியோடு தள்ளிவிட முடியாது என்று அமலேந்து சாஹூ வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் கூறி, ‘நான்-ஸ்டாண்டர்டு’ அடிப்படையில் ஒரு பகுதியையாவது வழங்கும் முறையை ஏற்றது. எனவே:

1. மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் பெறுங்கள்.
2. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள்.
3. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம்.

பட்டறை ஏமாற்றினால்?

“ஆர்.டி.ஓ. எல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்” என்ற வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. பாகத்தின் பெயர், எண், வாரண்டி, வேலைக் கூலி எல்லாம் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த வீல் அலைன்மென்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். பாதுகாப்புக்கு முக்கியம் என அரசு அறிவித்த பாகத்தைத் தரமில்லாமல் விற்பவருக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவிலேயே இடம் உண்டு.

சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 துணை நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம் என்பதால் வெள்ளானூர்க்காரர்களுக்குத் திருவள்ளூர் ஆணையம் போதும். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

அதிகாரி நடவடிக்கை எடுத்தால்?

சலான் தவறு என்று நினைத்தால் அபராதத்தை உடனே கட்டிவிட வேண்டும் என்ற கட்டாயமில்லை, அதை மறுக்கலாம். பதிவை இடைநிறுத்தினாலோ ரத்து செய்தாலோ, உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 57ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். தயாரிப்பாளரின் கையேடு, பில், படங்கள் ஆகியவைதான் அங்கே உங்களுக்காகப் பேசும்.

பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது?

முதலில் டயரும் காற்றும். நிறுவனம் அனுமதித்த அளவிலேயே நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போட்டு, மணலிலும் சேற்றிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து மெதுவாக ஓட்டினால், லிஃப்ட் கிட் தராத பிடிமானம் கிடைக்கும். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை மறுபடி நிரப்பச் சிறிய கம்ப்ரஸர் கட்டாயம்.

அடுத்து புஷ், ஷாக், ஸ்பிரிங் ஆகியவற்றை அசல் அளவில் புதுப்பியுங்கள். ஜிப்சியின் கடுமைக்குப் பல நேரம் காரணம் பட்டைகளுக்கு இடையே ஏறிய துருவும் செத்த புஷ்களும்தான். பட்டைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துக் கோத்தாலே வண்டி மாறிவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யு-போல்ட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது மீட்புப் பட்டை, சேசிஸில் பொருத்திய உறுதியான கொக்கி, முறையான பயிற்சி. டிரெய்லர் உருண்டையில் பட்டையை மாட்டி இழுக்கவே கூடாது. அது பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொல்லும். எப்போதும் இன்னொரு வண்டியோடு செல்லுங்கள், சீட் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

இந்த மூன்றையும் செய்து முடித்த பெரும்பாலோருக்கு உயரம் கூட்டத் தேவையே எழாது. அதற்குப் பிறகும் தேவை என்றால், உங்கள் முகவரிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே ஸ்பேனரைத் தொடச் சொல்லுங்கள்.