வெயிலை அளக்கும் செய்மதி

சித்திரை பிறக்கும் நாட்களில் சூரியன் எங்கள் குடாநாட்டுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாட்களில் கீரிமலைக் கடற்கரையோரம் நடக்கும்போது நான் கவனிப்பது ஒன்றுண்டு. வெப்பமானி 33 பாகை செல்சியஸ்தான் காட்டும். உடம்போ அதைவிடப் பன்மடங்கு தவிக்கும். ஏன் இந்த வேறுபாடு?

வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். கடலோரக் காற்றில் ஈரப்பதன் அதிகம் என்பதால் வியர்வை காயாமல் வழிந்தபடியே இருக்கும். ஆகவே வெப்பநிலையுடன் ஈரப்பதன், காற்றின் வேகம், வெயிலின் கதிர்வீச்சு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களுக்காக இதற்கொரு கணிப்பு முறை உருவானது. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 10 பங்கில் 7, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தினுள் இருக்கும் வெப்பமானிக்கு 2, சாதாரண வெப்பமானிக்கு 1.

இக்கருவிகளை ஊருக்கு ஊர் வைக்க முடியாது. இங்கேதான் செய்மதி கைகொடுக்கிறது. 2024 பெப்ரவரி 17இல் இந்தியா ஏவிய இன்சாட்-3டிஎஸ் போன்றவை சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்திலிருந்து முகில்களைப் பார்க்கின்றன. முகில் மறைத்தது போக நிலத்தை அடையும் கதிர்வீச்சு எவ்வளவு என்று அதிலிருந்து கணிக்கலாம். வானிலை நிலையங்களின் தரவுகளையும் இதனுடன் சேர்த்தால், கருவி இல்லாத ஊரின் வெப்பத் தாக்கத்தையும் மதிப்பிடலாம்.

ஆனால் செய்மதி காட்டும் நிலத்தின் சூடு, நாம் உணரும் வெப்பம் அல்ல. நண்பகலில் வெறும் செம்மண், காற்றைவிட மிகவும் கொதிக்கும். படத்தின் ஒரு புள்ளியே சில கிலோமீற்றர் அகலமானது. கீரிமலைக் கேணியும் கடலும் வெங்காயத் தோட்டமும் அதற்குள் ஒன்றாகிவிடும். தகரக் கூரையின் கீழ் சமைப்பவளை அது அறியாது.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண் அறிவித்தலைக் கேட்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். அச்சுட்டெண் நிழலில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் களை பிடுங்குபவருக்கு அது 8 பாகை வரை கூடலாம்.

நாட்கூலியை விட முடியாத சகோதரிகள், விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கி நண்பகலில் நிழலுக்கு வர வழிகேளுங்கள். தாகம் வருமுன் நீர் அருந்துங்கள். கர்ப்பிணிகளையும் முதியோரையும் வெயிலில் விடாதீர்கள். ஒருவர் பேச்சுத் தடுமாறி மயங்கினால் நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

செய்மதி எச்சரிக்கும், அடுத்த வரம்பில் நிற்பவளின் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.