தலைக்கு மேலே ஒரு காற்றாறு

காற்று எந்தப் பக்கமாக வீசுகிறது? பாகான் செராய் வயல்வெளியில் நின்று இப்படிக் கேட்டால் ஒரு பதில் போதாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றின் காலம். ஆனால் அந்த மாதங்களில் இடிமேகம் ஓங்கி எழும்போது அதன் உச்சியைக் கவனியுங்கள். பஞ்சைப் பிரித்தாற்போல அது மேற்கே, கடல் பக்கமாக, இழுபட்டுப் போவதைக் காணலாம். கீழே ஒரு காற்று, மேலே அதற்கு எதிர்க்காற்று!

சுமார் 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் இந்தக் கீழைக்காற்றை 1958-இல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். கோடை வெயிலில் திபெத்துப் பீடபூமி காய்கிறது. அதன் மேலுள்ள காற்று சூடேறி, உயரத்தில் நாற்புறமும் பரவுகிறது. தெற்கே வரும் காற்றைப் பூமியின் சுழற்சி மேற்கே திருப்பிவிடுகிறது. அது நம் தீபகற்பத்தைக் கடந்து, தென்னிந்தியாவின் மேல் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டி விரைந்து, ஆப்பிரிக்கா வரை செல்கிறது.

அடுப்புப் புகை மேலே வெளியேறினால்தான் தீ நன்றாக எரியும் அல்லவா? மழையும் அப்படித்தான். மேற்காற்று வலுத்த ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை பொதுவாக நன்றாகப் பெய்கிறது.

அதற்கும் மேலே இன்னொரு காற்று உண்டு. 1883 ஆகஸ்டு 27-இல் சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அதன் தூசு மேற்கே பறந்து இரண்டே வாரங்களில் உலகைச் சுற்றி வந்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்ததாம்!

விமானங்கள் பறப்பது சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். வடக்கே அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று ஓடுகிறது. கோலாலம்பூரிலிருந்து லண்டன் போவதைவிட அங்கிருந்து திரும்பிவர ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவாக ஆவது இதனால்தான். பின்னிருந்து தள்ளும் காற்று எண்ணெயையும் மிச்சப்படுத்தும்.

ஆனால் இக்காற்றாற்றின் ஓரங்களில் மேகமே இல்லாத தெளிந்த வானத்திலும் விமானம் குலுங்கும். விமானியின் ராடாரில் அது தெரியாது. இடிமேகங்களின் அருகிலும் குலுக்கல் உண்டு. 2024 மே 21-இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் பர்மாவின் மேலே திடீரெனக் குலுங்கியபோது, சீட் பெல்ட் அணியாதவர்கள் மேலே தூக்கியெறியப்பட்டனர். பலர் படுகாயமடைந்தனர்.

ஆகவே ஊருக்குப் பயணப்படும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: விளக்கு அணைந்த பிறகும், தூங்கும்போதும், இடுப்பில் பெல்ட் இருக்கட்டும்!