தொழுவத்தில் நிர்வாகப் பாடம்

குஜராத்தின் ஆனந்த் நகருக்கு நிர்வாகவியல் படிக்க வருகிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. பெட்டி படுக்கையோடும் ஓரிரு சக மாணவர்களோடும் முன்பின் தெரியாத ஒரு கிராமத்துக்குப் போயாக வேண்டும். ஒன்றரை, இரண்டு மாதம் அங்கேதான் வாசம். மொழி புரியாவிட்டால் சைகையில் சமாளிக்கலாம். கிணறு யாருக்குச் சொந்தம், வட்டிக்குக் கடன் கொடுப்பது யார், சங்கக் கூட்டத்தில் வாயே திறக்காதவர் யார் என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும். உல்லாசப் பயணம் அல்ல, மதிப்பெண் உண்டு.

'இர்மா' என்று அழைக்கப்படும் இந்தக் கிராமப்புற நிர்வாகவியல் கழகம் 1979-ல் வர்கீஸ் குரியனின் முயற்சியால் பிறந்தது. ஹார்வர்டின் ஒத்துழைப்போடு 1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதன் பட்டதாரிகளைப் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டன. பால் கூட்டுறவுகளுக்கு வேறு வகை நிர்வாகிகள் தேவைப்பட்டார்கள்.

ஐ.ஐ.எம். பின்பற்றிய ஹார்வர்டின் 'கேஸ்' முறையில் ஒரு நிறுவனத்தின் சிக்கல் சில பக்கங்களில் அச்சாகி வரும். மாணவர் முடிவு சொல்வார்; முடிவு தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை. கிராமத்தில் அப்படியல்ல. எருமையைப் பராமரித்து, கறந்து, கொண்டுவந்து ஊற்றுவது மனைவி. சங்க உறுப்பினர் பதிவோ பல வீடுகளில் கணவர் பெயரில். பணம் யார் கைக்குப் போகிறது என்பது கணக்குப் புத்தகத்தில் தெரியாது. சில நாள் அதிகாலையில் பால் சேகரிப்பு நிலையத்தில் நின்றால் தெரியும். பிறகு ஒரு கூட்டுறவிலோ தொண்டு நிறுவனத்திலோ பயிற்சி. அங்கும் நிஜமான சிக்கல் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள்.

'கேஸ்' முறையின் தாய்வீடே பிற்பாடு இந்தப் பக்கம் திரும்பியது. நிதின் நோரியா டீனாக இருந்தபோது, 2011-ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி 'ஃபீல்ட்' திட்டத்தைத் தொடங்கி, மாணவர்களைக் குழுக்களாக வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. மும்பையின் எஸ்.பி. ஜெயின் நிறுவனமும் தன் மாணவர்களைச் சில வாரம் தொண்டு அமைப்புகளில் வேலை செய்ய வைக்கிறது.

கற்பவருக்கு லாபம், சரி. கற்றுக்கொடுத்த கிராமத்துக்கு? சாணம் மெழுகிய திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளின் விடை ஆனந்தின் அலமாரிக்குப் போய்விட்டால், பதில் சொன்ன விவசாயிக்குக் கிடைத்தது பேச்சுத்துணை மட்டுமே. மாணவர்களும் தங்குவதில்லை. வங்கிகளும் நுகர்பொருள் கம்பெனிகளும் இர்மா வாசலுக்கே வந்து ஆள் எடுக்கின்றன. கிராமச் சந்தையைப் புரிந்தவர்கள் என்பதால்தான் இந்தக் கிராக்கி! படிப்பு விவசாயிகளின் அமைப்புகளுக்குத்தான் என்பதில் குரியன் கறாராக இருந்தார். 2006-ல் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். கல்விக் கடனைச் சுமந்து நிற்கும் இளைஞரிடம் கூட்டுறவின் சம்பளத்தை ஏற்கச் சொல்வது சுலபமல்ல என்பதும் உண்மை.

2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் இர்மா 'திரிபுவன்' கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக உருமாறியது. கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர்களை 1946-ல் ஒன்றுதிரட்டிய திரிபுவன்தாஸ் படேலின் பெயர் அது. நாடு முழுதும் கூட்டுறவுகளுக்கு ஆள் தயாரிப்பது அதன் பொறுப்பு. அந்த ஆட்களுக்குக் கூட்டுறவுகள் என்ன சம்பளம் தரும் என்பது சட்டத்தில் இல்லை.