உங்களுக்குத் தெரியுமா? லாரி ஹீட்டரின் இரண்டு வாய்கள்
குற்றாலச் சாரல் ஆய்க்குடி வரை வந்தாலும் நம்மூர் லாரியில் ஹீட்டரை யாரும் தேடுவதில்லை. அதனால் பழைய வண்டிக்கு வேறு எஞ்சின் மாட்டும்போது, ஹீட்டர் ஹோஸுக்கான இரண்டு வாய்களையும் அடைத்துவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம்! ஒன்றில் எஞ்சினின் சுடுதண்ணீர் வெளியேறும். மற்றது வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கம் சேரும். தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறக்கும்வரை, சில எஞ்சின்களில் தண்ணீர் சுற்ற இதுதான் வழி. அவற்றில் இரண்டு வாயையும் ஒரே ஹோஸால் இணைக்க வேண்டும். பழைய செவர்லே வி8 பலவற்றில் அளவே வேறு: போவது 5/8 அங்குலம், திரும்புவது 3/4.

ஹீட்டர் இருந்தால் ஒரு லாபம். ஆரியங்காவு ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கப் பார்த்தால் அதைப் போடலாம். சூட்டில் ஒரு பங்கு கேபினுக்குள் வந்துவிடும். டிரைவர்தான் பாவம்.