ரயில் வந்தது, தடம் போனது

மதவாச்சி – தலைமன்னார் பாதை மறுபடி ஓடத் தொடங்கிப் பத்து வருடம் கடந்துவிட்டது. பழைய பாதையின் மிச்சத்தை முருங்கனில் தேடினால், தண்டவாளத்தில் ஒன்றும் அகப்படாது. வேலிகளில் அகப்படலாம்.

கடலுக்கு அக்கரையில், தனுஷ்கோடிக்குப் போகிறவர் எதையும் தேட வேண்டியதில்லை. 1964 டிசெம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும் மணலில் நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்வீதி வந்ததிலிருந்து வேன் வேனாக ஆட்கள் இறங்கி, அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடைகள்கூட அந்த இடிபாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

கடலுக்கு இக்கரையில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலை நம்பிப் போட்ட மதவாச்சி – தலைமன்னார் பாதை 1990இல் நின்றது. கால் நூற்றாண்டு பற்றை மூடிக் கிடந்தது. ஆனால் முருங்கனில் இறங்கி, பழைய பாதை எங்கே என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட அதிகம் இல்லை. புதிய மேடை, புதிய கட்டடம், கொங்கிரீட் சிலிப்பர் மேல் புதிய தண்டவாளம். கொழும்புக்கு வண்டி போகிறது, வருகிறது. சனத்துக்கு அது பெரிய ஆறுதல்.

தனுஷ்கோடியை யாரும் திருப்பிக் கட்டவில்லை, அதனால் இடிபாடு பிழைத்துக்கொண்டது. இங்கே திருப்பிக் கட்டினார்கள், அதனால் போர் விட்டுவைத்த மிச்சமும் போயிற்று. கட்டியது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. கட்டுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று ஒரு பட்டியலாவது எழுதி வைத்தோமா என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

மண் ஏறிய வண்டி

தலைமன்னார்ப் பாதை என்றதும் எல்லாரும் கப்பலைப் பற்றியே பேசுவார்கள். முருங்கன்காரர் பேச வேண்டியது மண்ணைப் பற்றி.

1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணக்கல் காலடியிலேயே இருந்தது. குடாநாடே சுண்ணக்கல் பாறைதான். ஆனால் சுண்ணக்கல்லை மட்டும் சுட்டால் சுண்ணாம்புதான் வரும். சீமெந்தாக வேண்டுமென்றால் சிலிக்காவும் அலுமினாவும் சேர வேண்டும். அதைக் கொடுப்பது களிமண். இரண்டையும் அரைத்துச் சேர்த்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சுட்டால்தான் கட்டி கட்டியாகக் கிளிங்கர் விழும். பொருத்தமான களிமண் குடாநாட்டில் இல்லை. முருங்கனில் இருந்தது. மழைக்கு வீங்கி வெயிலுக்கு வெடிக்கிற, வயற்காரரின் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற அந்த மண்.

அது ரயிலில் ஏறி மதவாச்சிக்குப் போய், அங்கிருந்து வடக்கே திரும்பி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டிக் காங்கேசன்துறை சேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் பயணம். லொறியில் கட்டுபடியாகாத பாரத்தை ரயில் அலுக்காமல் இழுத்தது. முருங்கன் மண்ணும் காங்கேசன்துறைக் கல்லும் கலந்த சீமெந்தில் எழுந்த பள்ளிக்கூடங்களும் மதகுகளும் கிணற்றுக் கட்டுகளும் வடக்கெங்கும் உண்டு. மூடிய பாதையின் எச்சத்தை எங்கே தேடுவது என்று கேட்டால், முதல் விடை அந்தச் சுவர்கள்தான். பாதை நின்ற அதே 1990இல் ஆலையும் நின்றது. பாதை திரும்பி வந்தது. மண் வண்டி வரவில்லை.

இப்போது ஓடுவது பயணிகள் ரயில். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற நெல்லுக்கும் பேசாலைக் கரையில் இறங்குகிற மீனுக்கும் லொறிதான் கதி. ஊர்ச் சரக்கை ஏற்றி அனுப்பிய பாதை என்ற நினைவு இளசுகளிடம் துப்புரவாக இல்லை. மதவாச்சி தொடங்கித் தலைமன்னார் துறைமுகம் வரையுள்ள நிலையப் பெயர்களைக் கேட்டால் செட்டிகுளம், மடு வீதி, முருங்கன், மாதோட்டம், திருக்கேதீஸ்வரம், மன்னார், தோட்டவெளி, பேசாலை என்று ஒப்புவிப்பார்கள். எந்த நிலையத்தில் என்ன ஏறியது என்று கேட்டால் மௌனம்தான்.

சேராத இரண்டு பாதைகள்

கப்பல் கதை வாசகருக்குத் தெரிந்ததே. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அக்கரையில் போட் மெயில், இக்கரையில் தலைமன்னார் மெயில். ஒரே சீட்டில் சென்னையிலிருந்து கொழும்பு.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு பாதைகளும் ஒருநாளும் ஒட்டக்கூடியவை அல்ல. இராமேஸ்வரம் பக்கம் போட்டது 1000 மில்லிமீற்றர் மீற்றர் பாதை. நம்முடையது 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை. பாலமே கட்டியிருந்தாலும் ஒரு பெட்டிகூடத் தாண்டியிராது. பாம்பன் பாதையை 2007இல் அகலப்படுத்தினார்கள். அதாவது இரு கரையின் தண்டவாள அகலமும் ஒன்றான நாளில் இக்கரையில் தண்டவாளமே இல்லை.

மலையக மக்களுக்கு இந்தப் பாதை வேறு கதை. மண்டபம் முகாமில் தொற்றுக் காப்புக்காகத் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கித் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், 1964 ஒக்டோபரின் இலங்கை – இந்திய ஒப்பந்தத்துக்குப் பின் அதே வழியாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். கையெழுத்தாகி இரண்டு மாதம் முடியுமுன் புயல் தனுஷ்கோடித் துறையை விழுங்கிவிட, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. மலையக நிலையங்களில் அழுகையோடு புறப்பட்ட அந்த வண்டிகளை ஒப்பாரிக் கோச்சி என்றே சனம் சொன்னது. அந்தக் கோச்சிகள் எல்லாம் முருங்கனைத் தாண்டித்தான் போயின. ஆனால் மலையகத்தில் அதைப் பற்றிக் கதையும் கவிதையும் உண்டு. பாதையோரத்து ஊர்களில் ஒரு நினைவுக் கல்கூடக் கண்ணில் படவில்லை.

பங்கருக்குப் போன தண்டவாளம்

1990 யூனில் சண்டை தொடங்கியபின் என்ன நடந்தது என்பது வடக்கில் எல்லாருக்கும் தெரியும். ரயில் நின்றது. மன்னார்த் தீவின் பாலம் தகர்ந்தது. பிறகு தண்டவாளம் கழன்றது. சிலிப்பர் கட்டை பங்கருக்குச் சுவராயிற்று, தண்டவாளம் பங்கருக்குக் கூரையாயிற்று, மேலே மண்மூட்டை. எந்தப் பக்கம் அதிகம் எடுத்தது என்ற வாதத்துக்கு முடிவில்லை. மிஞ்சியதைச் சனமும் எடுத்தது. வேலித் தூணுக்கும் கேற் கம்பத்துக்கும் மாட்டுக் கொட்டில் வளைக்கும் அதைவிட நல்ல இரும்பு கிடையாது. கறையான் அரிக்காது, வெள்ளத்தில் சாயாது.

சண்டை முடிந்தபின் வந்தது பழைய இரும்பு யாவாரம். பங்கரில் இருந்ததும் பற்றைக்குள் கிடந்ததும் கிலோ விலைக்கு லொறி ஏறின. அதற்குப் பின்னால் பாதை மீளமைப்பு வந்தது. கண்ணிவெடி அகற்றினார்கள், காடு வெட்டினார்கள், பழைய மண் கட்டின் மேலேயே புதுக் கட்டுப் போட்டார்கள். 2013 மேயில் மடு வீதி வரையும், 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரையும் வண்டி ஓடியது. மடுமாதாவின் ஓகஸ்ட் திருவிழாவுக்கு மறுபடி ரயிலில் போகலாம் என்றபோது சனம் கண்ணீர் விட்டது உண்மை. அந்த அவசரத்தில் பழைய மதகுக் கல் எங்கே, மைல்கல் எங்கே, நிலையப் பெயர்ப்பலகை எங்கே என்று கேட்க யாருக்கும் நேரமிருக்கவில்லை.

இந்த நாட்டில் மூடிய மற்றப் பாதைகளுக்கு இந்தக் கதி வரவில்லை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன குறும்பாதை 1940களிலேயே நின்றுபோனது. அவிசாவளையிலிருந்து ஓப்பநாயக்கவுக்குப் போனது 1976இல் நின்றது. நட்டக்கணக்கில் மூடிய பாதைகள் அவை. திரும்பி வராது என்று தெரிந்ததாலேயே, அவற்றின் தடத்தைக் கால்நடையாகத் தேடிப் படமெடுக்க ஆர்வலர்கள் இருக்கிறார்கள். நம்முடைய பாதை திரும்பி வந்துவிட்டதால் தேடுவாரில்லை.

1815க்குப் பிந்தியதெல்லாம் குப்பையா?

முருங்கனுக்குப் பக்கத்தில் தொல்பொருளுக்குப் பஞ்சமில்லை. கட்டுக்கரையில் 2016 அளவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணைக் கிளறி, பானை ஓட்டையும் சுடுமண் உருவத்தையும் துண்டு துண்டாகப் பொறுக்கி இலக்கமிட்டார்கள். மாந்தைத் துறைமுகத்தில் 1980களின் தொடக்கத்தில் நடந்த அகழ்வில் சீனத்து ஓடும் பாரசீகத்து ஓடும் அகப்பட்டன. நல்ல காரியம். அந்த மண்ணுக்கு ஓரமாகவே போகிற ரயில் பாதையின் இரும்பை அதே காலத்து மனிதர்கள் நிறுவைக்குப் போட்டார்கள்.

சட்டமும் இதற்கு இடங்கொடுக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இழுத்த கோடு 1815 மார்ச் 2. அதற்கு முந்திய கட்டடம் என்றால் தானாகவே பாதுகாப்பு. பிந்தியதென்றால், பாதுகாக்க வேண்டியது என்று தனியே அறிவித்தால்தான் உண்டு. 1914இல் திறந்த பாதை அந்தக் கோட்டுக்கு 99 வருடம் பிந்திப் பிறந்த பாவத்தைச் செய்துவிட்டது. யாரோ ஒருவர் கேட்டு, யாரோ ஒருவர் அறிவிக்க வேண்டும். கேட்பதற்கு ஊரில் ஒரு சங்கம், ஒரு பாடசாலை, ஒரு பங்கு மன்றம்கூட முன்வந்ததாகத் தெரியவில்லை.

கடவைக்குக் கேற் போடுங்கள், வண்டியைக் கூட்டுங்கள், பழைய இரும்பைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேற் எப்போதும் போடலாம். பழைய இரும்பு உருகினால் உருகியதுதான்.

அடுத்து இறங்குதுறை

இந்தப் பாதையின் பழைய பொருட்களில் பெரிதாக, கண்ணுக்குத் தெரியும்படி நிற்பது தலைமன்னாரின் பழைய இறங்குதுறை. கடலுக்குள் நீளும் இரும்புக் கால்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கின்றன. இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் மறுபடி கப்பல் விடும் பேச்சு அடிக்கடி எழுகிறது. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபின் அந்தப் பேச்சுக்கு வலு கூடியிருக்கிறது. தரைவழிப் பாலம் என்றுகூடச் சொல்கிறார்கள்.

கப்பல் வரட்டும். கப்பல் வந்தால் புதுத் துறை வரும். புதுத் துறை வரும் நாளில் பழைய இரும்புக்கு என்ன நடக்கும் என்பதற்கு முருங்கனே சாட்சி. ஒப்பந்தக்காரர் கணக்கில் அது அகற்ற வேண்டிய இடைஞ்சல். யாவாரி கணக்கில் இத்தனை தொன். பல பத்தாண்டுகள் தோட்டத் தொழிலாளியும் புடைவை யாவாரியும் யாத்திரிகரும் படிக்கப் போன பிள்ளைகளும் நடந்த துறை என்ற கணக்கு எந்தத் தாளிலும் ஏறாது. ஏற்றுவதென்றால், முதல் இயந்திரம் வந்து இறங்குவதற்கு முன்னால் ஏற்ற வேண்டும்.

துறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும்படி கேட்பது முதல் வேலை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரை, நிலையம் நிலையமாக, வேலியில் நிற்கும் தண்டவாளத் துண்டு உட்பட மிச்சமிருப்பதைப் படமெடுத்துப் பட்டியலிடுவது இரண்டாவது. பழைய தண்டவாளத்தின் பக்கவாட்டில், அதைச் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பது வழக்கம். அதை வாசித்து எழுதிக்கொள்ளப் பத்தாம் வகுப்புப் பிள்ளை போதும். வீட்டுக்காரரின் வேலியைப் பிடுங்கவும் தேவையில்லை.

மூன்றாவது வேலை ஆட்களைத் தேடுவது. இந்தப் பாதையில் வேலை செய்தவர்களும் பயணம் போனவர்களும் இப்போது பாதையோரத்தில் இல்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களில் பலர் புத்தளத்தில் வேரூன்றிவிட்டார்கள். வள்ளமேறிப் போனவர்கள் தமிழகத்து முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களில் கொஞ்சப் பேர், ஒரு காலத்தில் தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய அதே மண்டபம் முகாமிலேயே இருக்கிறார்கள். மற்றவர்கள் கனடாவிலும் நோர்வேயிலும். மண் வண்டியில் வேலை பார்த்தவருக்கு இன்று எழுபதோ எண்பதோ இருக்கும். பதினைந்து வயதில் போட் மெயிலில் தனுஷ்கோடி பார்த்தவர் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யத் தெரிந்த பேரப்பிள்ளை இல்லாத வீடு இப்போது அரிது. அரசாங்கம் வரும்வரை காத்திராமல், இந்த விடுமுறைக்குள் தாத்தாவிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்: முருங்கன் ஸ்ரேசனில் என்னென்ன ஏறியது, யாரார் இறங்கினார்கள்?